ஹூக்கின் கை எப்போது போயிற்று?

சென்ற கோடை விடுமுறையில் என் பேரன் ‘பான்’ என்னும் ஆங்கிலப் படத்தை எனக்குப் போட்டுக் காண்பித்தான். 2015இல் ஜோ ரைட் இயக்கி வெளிவந்தது. பீட்டர் பான் நெவர்லாண்டுக்கு வந்து சேர்ந்த முன்கதையைச் சொல்வதாகப் பெயர். படம் முடிந்ததும் பையன் கேட்டான்: “தாத்தா, ஹூக்குக்கு ரெண்டு கையும் இருக்கே, அது எப்போ போச்சு?” படத்திலேயே இல்லாத பதிலுக்கு நான் எங்கே போவேன்? அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். ஸ்காட்லாந்துக்காரரான ஜே. எம். பாரி 1904இல் லண்டனில் நாடகமாக மேடையேற்றி, 1911இல் நாவலாக விரித்து எழுதிய கதை இது. தான் பெரியவனானால் என்னவாக வேண்டும் என்று பெற்றோர் பேசியதைப் பிறந்த அன்றே கேட்டு, வளர மாட்டேன் என்று ஓடிப்போனவன் பீட்டர். பிறகொரு நாள் திரும்பி வருகிறான். ஜன்னல் சாத்தியிருக்கிறது, அவன் படுக்கையில் வேறொரு குழந்தை தூங்குகிறது. கதையின் சோகமெல்லாம் அந்தச் சாத்திய ஜன்னலில் இருக்கிறது. ஹூக்கின் கையை வெட்டி முதலைக்கு வீசியவனும் இதே பிள்ளைதான்.

பாரிக்கு ஆறு வயதாக இருக்கையில், 1867இல், அவருடைய அண்ணன் டேவிட் பனிச்சறுக்கு விபத்தில் இறந்துபோனான். பதினான்கு வயது நிறையவில்லை. தாய்க்கு அவன் என்றென்றும் சிறுவனாகவே நின்றுவிட்டான். இது எனக்குப் புரியும். என் தம்பி ஏழு வயதில் காய்ச்சலில் போனான். எண்பது வயதிலும் எங்கள் அம்மாவுக்கு அவன் அரைநிஜார் போட்ட பையன்தான். ஆகவே பீட்டரை வெறும் விளையாட்டுப் பாத்திரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

படம் என்ன செய்கிறது? இரண்டாம் உலகப்போர்க் கால லண்டன்; அநாதை விடுதி; பையன்களைப் பிடித்துப்போகும் கொள்ளையர் கப்பல். பீட்டரோ தேவதைகளின் இளவரசனுக்குப் பிறந்தவன், பறக்கும் சிறுவன் வருவான் என்று முன்பே சொல்லிவைக்கப்பட்டவன். அப்புறம் ஓடிவந்தவன் என்பதற்கு என்ன பொருள்? மூலத்தில் அவன் தானாக மறுத்தான். இங்கே விதி அவனைத் தேர்ந்தெடுக்கிறது. வளர மறுப்பதைப் பற்றிய கதையில் அந்த மறுப்பையே காணோம்! பகைவர் நண்பராகவும் நண்பர் பகைவராகவும் தொடங்குவதுண்டு என்று ஆரம்பத்திலேயே ஒரு குரல் சொல்கிறது. ஆனால் ஹூக் கடைசிவரை பீட்டரின் தோழன்தான். பகை எப்படி வந்தது என்பது அடுத்த படத்துக்காம். அடுத்த படமும் வரவில்லை.

நான் கடைக்காரன், எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். போன வருஷத்து இறுதி இருப்புத்தான் இந்த வருஷத்துத் தொடக்க இருப்பு. இரண்டும் ஒத்துவராவிட்டால் பேரேட்டில் தப்பு. சீவக சிந்தாமணியில் சீவகன் சுடுகாட்டில் பிறந்து, தாயைப் பிரிந்து, கந்துக்கடன் என்னும் வணிகன் வீட்டில் வளர்கிறான். ஏன் இப்படி? முற்பிறவியில் ஓர் அன்னக்குஞ்சைப் பெற்றோரிடமிருந்து பிரித்த வினை என்று காவியத்தின் கடைசிப் பகுதியில் தெரியவருகிறது. அதற்கு முன் நாம் படித்த அத்தனைக்கும் அப்போது கணக்கு நேராகிறது. முன்கதை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

குறை மட்டும் சொல்லக்கூடாது. பீட்டராக நடித்த சிறுவன் லீவை மில்லர் கண்ணுக்குள் நிற்கிறான். லண்டன் வானில் பறக்கும் கப்பலைப் போர் விமானங்கள் துரத்தும் காட்சி நல்ல கற்பனை. ஆனால் 1991இல் வெளிவந்த ராக் பாட்டை அக்காலத்துச் சுரங்கத்தில் நூற்றுக்கணக்கானோர் பாடும்போது, நாம் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்றே மறந்துபோகிறது. சுமார் 15 கோடி டாலர் செலவு. போட்ட முதல்கூடத் திரையரங்கில் திரும்பவில்லை.

நஷ்டம் அவர்களோடு போகட்டும். வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பெரும்பாலான கதைகளைத் திரை வழியாகத்தான் முதலில் சந்திக்கிறார்கள். முதலில் பார்த்ததே மூலம் என்று மனத்தில் ஊன்றிவிடுகிறது. அதுதான் என் கவலை. ஆகவே மறுநாள் இரவு புத்தகத்தை எடுத்து, ஜன்னல் கட்டத்தைப் பேரனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்: “அவங்க அம்மா ஏன் தாத்தா ஜன்னலைச் சாத்தினாங்க?”

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அது கதைக்குள் இருந்து வந்த கேள்வி.