புதிய பறவையில் ஒலிக்காத குரல்

பேட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய ‘கேஸ் லைட்’ என்னும் மேடை நாடகத்தைத் தொரால்ட் டிக்கின்சன் 1940இல் பிரிட்டனில் திரைப்படமாக்கினார். அதில் குற்றவாளியாகிய கணவன், குற்றமற்ற மனைவி தன் அறிவையே ஐயுறுமாறு செய்கிறான். இந்நிலை தலைகீழாவதைத் தமிழில் ‘புதிய பறவை’யில் காண்கிறோம். இங்கே காவல்துறை, குற்றமுள்ள கணவனின் உள்ளத்தைக் கலக்குகிறது.

தாதா மிராசி இயக்கி 1964இல் வெளிவந்த இப்படம், ‘சேஷ் அங்கா’ என்னும் வங்கப் படத்தின் தழுவல். அதற்கும் மூலம் 1958இல் வந்த ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’ என்னும் பிரிட்டிஷ் படம். பிரிட்டிஷ் படத்தில் இறந்த சகோதரன் எனச் சொல்லிக்கொண்டு ஒருவன் வருகிறான். தமிழிலோ இறந்த மனைவியாக ஒருத்தி வந்து நிற்கிறாள்.

வந்தவள் சித்ரா அல்லள் எனக் கோபால் கதறுகிறான். அவன் சொல்வது மெய். ஆயினும் அதை மெய்ப்பிக்க, தன் அறையால் மனைவி இறந்ததையும், உடலைத் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலையாகக் காட்டியதையும் அவனே சொல்லியாக வேண்டும். உண்மையே அவனுக்குக் கண்ணியாகிறது. சிவாஜி கணேசனின் நடிப்பு உயர்ந்து நிற்பது இம்முரணில்தான்.

எனினும் ஒரு குறை உண்டு. சித்ராவை நாம் அறிவது இரு வழிகளில் மட்டுமே: ஒன்று, கோபாலின் நினைவு; மற்றொன்று, அவளாக நடிக்க வந்தவளின் நடிப்பு. அவளுடைய சொந்தச் சொல் எங்கும் இல்லை. கொன்றவன் கூறும் வரலாற்றையே சான்றாகக் கொண்டு, அவளை ஒழுக்கம் கெட்டவள் எனத் தீர்ப்பளித்து விடுகிறோம்.

சிங்கப்பூரும் அவ்வாறே சுருங்கிவிட்டது. அக்காலச் சுவா சூ காங், பண்ணைகளும் கம்பங்களும் நிறைந்த உழைப்பாளர் வட்டாரம். படம் காட்டும் சிங்கப்பூரோ, சித்ரா பாடும் கேளிக்கை விடுதியைத் தாண்டி அதிகம் செல்வதில்லை. ஊரும் பெண்ணும் கணவனின் பழியைக் குறைக்கும் கருவிகளாகின்றன.

இறுதியில், துப்பறிய வந்த லதா அவனுக்காகக் காத்திருப்பதாக வாக்களிக்கிறாள். கண்ணீரோடு எழுகிறோம், ஆனால் அக்கண்ணீரில் சித்ராவுக்கென ஒரு துளியும் இல்லை. ‘கேஸ் லைட்’ மனைவிக்கு அவள் குரலை மீட்டுத் தந்தது. ‘புதிய பறவை’ அதைத் தரவில்லை. கதை சொல்பவர் யார் என்று கேட்டுப் பழகும் மாணவர்க்கு இப்படம் நல்லதொரு பாடமாகும்.