கித்தாரும் ஒலிவாங்கியும்: ஈழத்துப் பொப் இசையின் நிகழ்த்துகை பற்றி

ஈழத்துத் தமிழ்ப் பொப் இசையை மதிப்பிடப் புகுந்தோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களையே கையிலெடுத்தனர். ஒன்று கர்நாடக இசையின் சுருதிசுத்தம். மற்றது தென்னிந்தியத் திரையிசையின் வாத்தியப் பெருக்கு. இவற்றால் அளக்குமிடத்து அப்பாடல்கள் குறையுடையனவாகத் தோன்றுவது இயல்பே. ஆயின் பொப் பாடல் பாடுவோனும் கேட்போரும் ஒரே கணத்திற் கூடி நிகழ்த்துவதொன்று. அதனை மெட்டாக மட்டும் பிரித்தெடுத்து ஆராய்வது, கூத்தைக் களரியை விடுத்து ஏட்டில் மாத்திரம் படிப்பதனை ஒக்கும்.

1960களின் பிற்பகுதியில், அம்பாறை ஹார்டி தொழினுட்பக் கல்லூரி மாணவராயிருந்த நித்தி கனகரத்தினம் கித்தாருடன் பாடத் தொடங்கினார். கள்ளுக்கடைக்குப் போகவேண்டாம் என்னும் அவரது பாடலில் சொல் அறமுரைக்கின்றது. தாளமோ ஆட அழைக்கின்றது. இம்முரணே அதன் சுவை. தாளம் பைலாவினது, போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது, மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் தம் ஆட்டங்களிற் பேணிவந்தது. ‘சின்ன மாமியே’ பாடலில் யாழ்ப்பாணப் பேச்சுமொழி அத்தாளத்தில் இடறாது அமர்கின்றது. ஏட்டுத்தமிழில் இதனைப் பாடியிருப்பின் இரண்டாம் அடியிலேயே மூச்சு வாங்கியிருக்கும்.

திருகோணமலையைச் சேர்ந்த பரமேஸ், கோணேஸ் சகோதரர் தெரிந்தெடுத்தது வேறு வழி. அவர்தம் காதற் பாடல்கள் மெல்லிசையின்பாற் சாய்ந்தவை, இசைத்தட்டாகவும் வெளிவந்தவை. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாயிருந்த அத்துறைமுக நகரிற் கித்தார் அந்நியமாகத் தோன்றியிராது எனக் கருத இடமுண்டு.

நகரிலிருந்து கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பகுதியிலுள்ள கிளிவெட்டிக்குச் செல்வதாயின் அப்போது வள்ளத்தை நம்பவேண்டியிருந்தது. தரைவழியாயின் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைகளைக் கடக்கவேண்டியிருந்தது. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதே 2009இல்தான். ஒலிபெருக்கிகளுடன் ஓர் இசைக்குழு அங்கு சென்று மீள்வது எளிதாயிருக்கவில்லை. வானொலியோ தடையின்றிச் சென்றது. ஆனால் பாடலின் ஒரு பாதியையே அது கொண்டுசென்றது. மேடையில் எடுப்பைத் திருப்பிப் பாடுவது கூட்டம். ஒலிப்பதிவு கூடத்தில் அவ்விடத்தை நிரப்புவோர் கூலிக்கு வந்த இருவர் மூவரே. தவறிய சுருதி அங்கு திருத்தப்பட்டது. தவற்றுடன் பிறந்த துடிப்பும் உடன் போயிற்று.

இது ஈழத்துக்கு மட்டுமுரிய சிக்கலன்று. அமெரிக்க இளைஞர் வீட்டு வாகனக் கொட்டகைகளிற் பழகிய கராஜ் றொக் இசையும் இதனை எதிர்கொண்டது. 1963இல் போர்ட்லண்ட் நகரிற் பதிவான கிங்ஸ்மென் குழுவின் ‘லூயி லூயி’ இசைத்தட்டில், கித்தார் தனியிசை முடிந்ததும் பாடகர் உரிய இடத்துக்கு முன்னரே தொடங்கி, உடனே நிறுத்துகிறார். அப்பிழை நீக்கப்படவில்லை. (சொற்கள் விளங்காமையால் ஆபாசம் தேடிய புலனாய்வுத் துறையினரும் தோற்றனர்.) பிற்காலத்தில் அந்நாட்டு மாணவர் வானொலிகள் இத்தகைய குழுக்களைக் கூடத்துக்கே அழைத்து, வாசித்தவாறே ஒலிபரப்பின. வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் 1972இல் ஒலிக்கத் தொடங்கி, பின்னர் கே.ஈ.எக்ஸ்.பி. எனப் பெயர்பெற்ற நிலையம் இன்றும் அதனைச் செய்கின்றது. இலங்கையிலோ 1990களின் தொடக்கம்வரை வானொலி அரசின் ஏகபோகம். கல்லூரி மேடையிற் பிறந்த இசைக்குக் கல்லூரி வானொலி வாய்க்கவில்லை.

ஆகவே இன்று விமரிசகன் முன்னுள்ள ஒலிநாடாக்களும் இசைத்தட்டுக்களும் அவ்விசையின் முழுச் சான்றுகளல்ல. ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ மெட்டை இளையராஜா 1977இல் திரைப்படத்திற் பயன்படுத்தியபோது அதன் புகழ் பெருகியது. மேடைப் பாட்டு என்னும் அதன் பிறப்பு மேலும் மறைந்தது. போரும் தன் பங்கைச் செய்தது. 2006இல் சம்பூரிலிருந்து பெயர்ந்தோர் பல்லாண்டு தங்கிய முகாம்களுள் ஒன்று கிளிவெட்டியில் இருந்தது. அவ்வாறு பெயர்ந்தோர் இசைத்தட்டுக்களைச் சுமந்துவந்திருப்பர் என எதிர்பார்க்கவியலாது. அப்பாடல்கள் புதிதாய் ஒலித்த காலத்தில் இளைஞராயிருந்தோர் இப்போது எழுபதை எட்டியோ கடந்தோ இருப்பர். எந்த அடியிற் கைதட்டினர், எங்கே தாமும் சேர்ந்து பாடினர், எந்தச் சொல்லை மாற்றிப் பாடிச் சிரித்தனர் என்பதைக் கொட்டியாரக் கரையூர்களிற் கேட்டெழுதும் வேலை தமிழ்த்துறை மாணவருக்காகக் காத்திருக்கின்றது.