பருத்த எழுத்தும் விளம்பரமும்: கூப்பர் பிளாக் பற்றிய ஒரு நோக்கு

எழுதப்பட்டதை ஆராய்வோர் எழுத்தின் உருவத்தைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆயின் விற்பனைக் களத்திலே சொல்லுக்கு முன்னர் உருவமே பேசிவிடுகிறது. இவ்வுண்மையை விளங்கிக்கொள்வதற்கு ‘கூப்பர் பிளாக்’ என்னும் ரோம அச்செழுத்து தக்க சான்றாகும்.

சிக்காகோ நகரில் விளம்பரங்களுக்கு எழுத்து வரைந்துவந்த ஒஸ்வல்ட் கூப்பர் இதனை உருவாக்கினார். பார்ன்ஹார்ட் சகோதரர் – ஸ்பிண்ட்லர் வார்ப்பகம் 1922இல் இதனை வெளியிட்டது. பருத்த கோடுகள், கூர்மை மழுங்கிய முனைகள், மிகச் சிறிய உள்வெளிகள் என்பன இதன் இயல்புகள். அடிப்பகுதியும் வளைந்திருப்பதால் எழுத்துக்கள் வரியில் ஊன்றி நில்லாது மெல்ல அசைவன போலத் தோன்றும். தூரத்திலிருந்து பார்ப்பவரையும் ஈர்க்க வேண்டும் என்ற வணிகத் தேவையே இவ்வடிவத்தின் தோற்றுவாய் எனலாம். மரபு பேணிய அச்சுக்கலைஞர் சிலர் இதனை வெறுத்தமையும் வியப்பன்று.

ஈய எழுத்துக்கள் ஒவ்வொன்றும் தத்தம் உலோகக் கட்டைக்குள் அடங்கியவை. அவற்றை நினைத்தவாறு நெருக்குதல் அரிது. 1960களிலும் 1970களிலும் ஒளியச்சுக் கோப்பும் தேய்த்துப் பதிக்கும் எழுத்துத் தாள்களும் பரவியபோது அத்தடை நீங்கியது. உருண்ட எழுத்துக்கள் ஒன்றையொன்று அணைத்தவாறு நிற்கக்கூடியனவாயின. பீச் போய்ஸ் குழுவினரின் ‘பெற் சவுண்ட்ஸ்’ இசைத்தட்டின் (1966) உறையில் இந்நெருக்கத்தைக் காணலாம். உறையிலே விளையாட்டு, உள்ளே தனிமையும் ஏக்கமும்: இம்முரணே அவ்வுறைக்கு ஆழம் தருகிறது. 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பான ‘டாட்ஸ் ஆர்மி’ என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரிலும் இவ்வெழுத்தே இடம்பெற்றது. முதியோர் நிறைந்த ஊர்க்காவற் படையொன்றின் இராணுவ மிடுக்கை அது மெல்ல நகைக்கிறது.

இவ்விரண்டிலும் எழுத்து பொருளோடு உரையாடுகின்றது. 1995இல் தொடங்கப்பட்ட ஈசிஜெற் விமான நிறுவனத்தின் பெயர்க்குறியில் நிலைமை வேறு. அங்கு விற்கப்படுவது மலிவான பயணச்சீட்டு. எழுத்தோ தோழமையை அறிவிக்கிறது. விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் இடையிலான பண உறவு நட்புறவாக வேடம் புனைகிறது. குறி மனத்தில் நிற்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நினைவில் நிற்பதும் உண்மையைச் சொல்வதும் ஒன்றல்ல.

பயன்பாட்டு நோக்கிலும் இதன் எல்லை தெளிவானது. இரண்டு மூன்று சொற்கள் கொண்ட தலைப்பு, சுவரொட்டி, கடைப் பலகை ஆகியவற்றில் இது சிறக்கும். நீண்ட பந்தியில் உள்வெளிகள் அடைபட்டுப் பக்கமே கருமையாகிவிடும். இரங்கலுக்கும் எச்சரிக்கைக்கும் இது ஒவ்வாது.

இவ்வெழுத்தைக் கொச்சையென ஒதுக்குவோரும் பழமையின் இனிமையெனப் போற்றுவோரும் உருவத்தை மட்டுமே மதிப்பிடுகின்றனர். அது யாருடைய கையில், எதனைச் சொல்ல, எதனை மறைக்கப் பயன்படுகிறது என்று வினவுவதே திறனாய்வின் பணியாகும். சிரிக்கும் எழுத்தைக் கண்டவிடத்து, அச்சிரிப்பால் நயமடைவோர் யாவர் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.