இரவில் சிவக்கும் இலை

கிறிஸ்துமஸ் நாட்களில் தொட்டியில் சிவந்து நிற்கும் பாயின்செட்டியாவைப் பார்த்தால், நான் குனிந்து அதன் நடுப்பகுதியைத்தான் தேடுவேன். நாம் பூவிதழ் என்று நினைக்கும் அந்தச் சிவப்பெல்லாம் இலைதான். வருடினால் மெல்லிய நரம்புகள் விரலில் தட்டுப்படும். உண்மையான பூக்கள் நடுவே, மஞ்சளும் பச்சையுமாகச் சின்னஞ்சிறு மொக்குகள்போலக் கொத்தாக இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் குட்டி உதடுபோல ஒரு தேன்சுரப்பி. காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும். திருகுகள்ளிக்கு உறவல்லவா!

சொந்த மண் மெக்சிகோ. அங்கே பசிபிக் பக்கத்து மலைச்சரிவுகளில் ஆளுயரம் தாண்டி, ஒல்லியாக வளைந்து நிற்கும் புதர் இது. தொட்டிச் செடியின் அடர்த்தி அதற்கு இல்லை. அந்த ஒல்லி அழகுதான் எனக்குப் பிடித்தது. ஸ்பானிய மொழியில் அதன் பெயர் 'நோச்சேபுவேனா'. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பெயரிலேயே இரவு இருப்பது எத்தனை பொருத்தம்! இரவு நீண்டால்தான் இது சிவக்கும். தினமும் 12 மணி நேரத்துக்கும் மேல், வாரக்கணக்கில், இருட்டு வேண்டும். நடுவில் விளக்கு வெளிச்சம் விழுந்தால் நிறம் தள்ளிப்போகும். சீக்கிரம் சிவக்க வேண்டுமென்றால் மாலையில் கறுப்புத் துணியால் போர்த்தி, காலையில் விலக்க வேண்டும். அப்படித் தினமும் போர்த்தி விலக்கும் கைகளின் பொறுமையை நினைத்துக்கொள்கிறேன். நன்றாகப் பாருங்கள், சிவப்புக்குக் கீழே ஓரிரு இலைகள் பாதி பச்சையாகவே நின்றிருக்கும்.