மறைந்த வீரர், மறைக்கப்பட்ட ஆடை: கரிசல் கதைகளும் நம் அருளுரைகளும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் ஊர்களில் ஊழியம் செய்யும் ஆயர், பூலித்தேவர் மறைந்த கதையைக் கேளாதிருத்தல் அரிது. நெற்கட்டும்செவல் பாளையக்காரரான அவர் 1755 முதல் ஆர்க்காட்டு நவாபின் படையையும் கும்பினிப் படையையும் எதிர்த்து நின்றவர். சிறைப்பட்டுச் செல்லும் வழியில், சங்கரன்கோவிலில் இறைவனை வணங்க விடைபெற்று உட்புகுந்தார். விலங்குகள் தெறித்து விழ, சோதியில் மறைந்தார் என்பது மரபு. அவர் மறைந்த இடம் என ஒன்றை இன்றும் அக்கோயிலினுள் காட்டுவர். ஜெர்மானிய மன்னன் பார்பரோசா மலைக்குகையில் உறங்குகிறான் என்ற கதைக்கு இது உறவு.

இதனை உயிர்த்தெழுந்த திருநாளுக்கு எடுத்துக்காட்டாக்கும் ஆவல் எழுவது இயல்பே. ஆயினும் அது கதைக்கும் நீதி செய்யாது, நற்செய்திக்கும் நீதி செய்யாது. பூலித்தேவர் கதை மரணத்தை வென்ற கதையன்று. மரணம் நிகழவில்லை என்னும் கதை. பகைவனுக்கு அவர் உடல் கிட்டவில்லை என்பதே அதன் பெருமிதம். எலியாவை ஐம்பதுபேர் மூன்று நாள் தேடிக் காணாதது (2 இராஜா. 2:17) இதற்கு அண்மையது. அன்பான சீடன் மரிப்பதில்லை என்ற பேச்சு சகோதரருக்குள் பரவியதையும், நற்செய்தியாளர் அதனைத் திருத்தியதையும் (யோவான் 21:23) நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. பவுல் அப்போஸ்தலனோ மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார் என்பவற்றைக் கூறிய பின்னரே எழுந்ததைக் கூறுகிறார் (1 கொரி. 15:3-4). ஒப்புமை தேடுவோர் சங்கரன்கோவிலை விடக் கயத்தாற்றுக்குச் செல்லலாம். 1799 அக்டோபர் 16இல், கூட்டப்பட்ட பாளையக்காரர் கண்முன் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் அது. அவர் மறைந்தார் என்று கதைப்பாடல் சொல்லவில்லை. வழிப்போக்கர் அவ்விடத்தில் கல்லிட்டுக் குவித்தனர் என்பர்.

தேவகன்னியை மணந்த இடையன் கதையை நாம் குழந்தைக் கதையென்று தள்ளிவிடுகிறோம். நீராடும் கன்னியின் ஆடையை அவன் ஒளித்துவைக்கிறான். அவள் மனைவியாகிப் பிள்ளைகளும் பெறுகிறாள். ஒருநாள் ஆடையைக் கண்டெடுத்து விண்ணேகுகிறாள். உலகெங்கும் வழங்கும் இக்கதையைக் காதற்கதையெனப் பாராட்டுவோர், அவள் விருப்பம் கேட்கப்படவேயில்லை என்பதைக் கவனிப்பதில்லை. ரெபெக்காளிடமாவது, இம்மனிதனோடே போகிறாயா என்று கேட்டார்கள் (ஆதி. 24:58). இடையனுக்காகக் கதை சொல்பவர் பரிந்து பேசினாலும், கதையின் முடிவு அவளுக்கே சார்பாக நிற்கிறது. பெண்கள் ஐக்கியத்தில் இதனைச் சொல்லி, அவர்கள் கருத்தை முதலில் கேட்டால் நலம்.

ஆடையால் மறைத்த நிகழ்ச்சி ஒன்று கரிசல் வரலாற்றிலேயே உண்டு. அதனைக் கும்பினிப் படைத்தலைவர் வெல்ஷ் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியுள்ளார். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது, ஒரு தாய் போர்க்களத்தில் தன் மகனைத் தேடினாள். குற்றுயிராய்க் கிடந்த அவன், தன்னை விட்டு, அருகே காயமுற்றுக் கிடந்த ஊமைத்துரையைக் காக்க வேண்டினான். பெண்கள் ஊமைத்துரையை ஊருக்குச் சுமந்தனர். எட்டயபுரத்து ஆட்கள் தேடிவந்ததும், அவர்மேல் துணியைப் போர்த்தி, பையன் அம்மை கண்டு இறந்தான் என்று ஒப்பாரி வைத்தனர். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் ஓடினர்.

உறங்கும் வீரன் கதைக்கு இத்தகைய நிகழ்ச்சியே வித்தாயிருக்கும் என நான் வாதிடவில்லை. ஆனால் இங்கே குகையுமில்லை, சோதியுமில்லை. ஒரு துணியும் சில பெண்களின் துணிவுமே உள்ளன. இதனையும் கல்லறைக்கு ஒப்பிடுவோர் வேறுபாட்டை நோக்குக. இப்பெண்கள் இறவாதவனுக்கு அழுதனர். மாற்கு கூறும் பெண்களோ உண்மையாகவே மரித்தவருக்குச் சுகந்தவர்க்கமிடச் சென்றனர் (16:1). ஊமைத்துரைக்குக் கிடைத்த காலம் ஆறு மாதத்திற்கும் குறைவு. 1801 நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவர் தூக்கிலிடப்பட்டார், கோட்டையும் தரைமட்டமாக்கப்பட்டது.