வரையாமல் விட்ட பூட்டு

நண்பர் ஒருவர் தாத்தா காலத்துத் தொலைபேசியைப் பென்சிலில் வரைந்து அனுப்பியிருக்கிறார். பெங்களூரில் 1948இல் தொடங்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தயாரித்து நாடெங்கும் போன கறுப்புச் சுழல்வட்டுக் கருவி. படம் மோசமில்லை. பேக்லைட்டின் பளபளப்பைத் தாளை வெறுமனே விட்டே கொண்டுவந்துவிடுகிறார். இந்த வட்டை வரையும் பலர் பத்துத் துளைகளையும் கடிகார எண்கள்போலச் சமமாகப் பரப்பிவிடுவார்கள். 1க்கும் 0க்கும் நடுவே, விரலைத் தடுக்கும் உலோகக் கொக்கிக்காக விட்ட இடைவெளி இவர் கண்ணில் பட்டிருக்கிறது. கீழே பூவேலைத் துணி. ஒவ்வொரு கோட்டிலும் வாஞ்சை. எனக்குப் பிரச்சினையே இந்த வாஞ்சையோடுதான்.

படத்தின் தலைப்பு 'எங்கள் வீட்டு போன்'. எங்கள் என்றால் யார்? வான்கோ வரைந்த ஒரு ஜோடிப் பழைய பூட்ஸைக் குடியானவப் பெண்ணுடையது என்றார் ஹைடெக்கர். இல்லை, நகரவாசியான ஓவியருடையதே என்று 1968இல் மறுத்தார் மேயர் ஷாப்பிரோ. அதை யாருக்காவது சொந்தமாக்கியே தீரவேண்டுமா என்று இருவரையும் குடைந்தார் தெரிதா. நம் விஷயம் இன்னும் சிக்கல். கணக்குப்படி கருவி இலாகாவின் சொத்து. வீட்டுக்காரர் வாடகைதான் கட்டினார். மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த அந்தக் காலத்தில் தெருவுக்கே அந்த ஒரு எண்தான். வேலைக்கு மனுப் போடுகிறவர், கடைக்கு லெட்டர்ஹெட் அடிக்கிறவர் எல்லாம் பக்கத்தில் 'பி.பி.' என்று சேர்த்து அதையே தம் எண்ணாகக் கொடுத்தார்கள். அழைப்பு வந்தால் ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள். வந்தவர்களில் கூடத்துக்குள் நுழைந்து ரிசீவரைக் காதில் வைத்தவர் யார், வாசலிலேயே நின்று "என்ன சொன்னாங்க சாமி" என்று சேதியை மட்டும் வாங்கிப்போனவர் யார்? எந்தத் தெருக்காரர் என்பதைப் பொறுத்த சங்கதி அது. வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கிற பொருள் வேறு. எச்சில், தீட்டு எல்லாம் அதன்மேலும் ஏறி உட்கார்ந்திருந்தது. நண்பரின் பளபளப்பில் ஒரு விரல்ரேகைகூட இல்லை.

வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். படத்தைப் பார்த்ததும் அவருடைய அத்தை கேட்டது: "பூட்டு எங்கடா?" சுழல்வட்டின் துளையில் மாட்டுகிற சின்னப் பூட்டு. சாவி தாத்தா இடுப்பில். வருகிற அழைப்பை எடுக்கலாம், வெளியே பேச முடியாது. "அதையும் வரைஞ்சா படம் அசிங்கமாயிடும் அத்தே" என்றாராம் நண்பர். குடும்ப ஞாபகம் என்கிற சொல்லாடல் எந்த இடத்தில் தணிக்கை செய்கிறது என்பதை அவரே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அத்தையிடம் வேறொரு பிரதி இருக்கிறது. சுழல்வட்டு செய்வதெல்லாம் இணைப்பை எண்ணிக்கைப்படி விட்டுவிட்டுத் துண்டிப்பதுதான்: 3க்கு மூன்று தரம், 0க்குப் பத்து. ரிசீவர் உட்காரும் கொண்டியை விரலால் தட்டினாலும் அதே துண்டிப்பு நடக்கும். தாத்தா மத்தியானம் கண்ணசந்ததும், பூட்டைத் தொடாமலே தட்டித் தட்டித் தோழியோடு பேசியிருக்கிறார் அத்தை. "0 வந்தா கை வலிக்கும்பா. நடுவுல எண்ணிக்கை தப்புனா மறுபடி மொதல்லேருந்து" என்றார் என்னிடம். படத்தில் அந்தக் கொண்டி தெரியவில்லை; மேலே ரிசீவர் மறைத்துக்கொண்டு கிடக்கிறது. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மறுபடி வரையுங்கள் என்று நண்பருக்கு எழுதியிருக்கிறேன்.