மெட்டைச் சுமந்தவர்

வர்ஜீனியாவில் ஹில்டன்ஸ் அருகே ஏ. பி. கார்ட்டர் நடத்திய மளிகைக்கடை இன்று அருங்காட்சியகம். பழைய இசைத்தட்டுகள், புகைப்படங்கள், மேடை உடைகள். கன்ட்ரி இசையின் வரலாறு 1927-இல் பிரிஸ்டலில் இக்குடும்பம் பதிவுசெய்த பாடல்களைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாதது.

கார்ட்டர் மலைக்கிராமங்களில் வீடுவீடாகப் போய்ப் பாடல் திரட்டினார். பல பயணங்களில் உடன்சென்றவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொள்வார். ஒலிப்பதிவுக் கருவியே அவர்தான். ஆனால் திரட்டிய பாடல்கள் பலவற்றுக்கு உரிமை பதிவானது கார்ட்டர் பெயரில்.

திரட்டியவரைப் பழிக்கவில்லை. அவர் அலையாதிருந்தால் பல பாடல்கள் அழிந்திருக்கும். எனினும் திரட்டுவது வேறு, இயற்றுவது வேறு. என் மென்பொருள் தொழிலில் ஒரு வரியைத் திருத்தினாலும் திருத்தியவர் பெயர் பதிவில் நிற்கும். பாட்டுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். ஊரில் அப்பத்தா பாடிய ஒப்பாரியை 'நாட்டுப்புறம் 3' என்று சேமித்திருந்தேன். காரை எடுக்கும் முன் அவர் பெயரைச் சேர்த்தேன்.